பாத்திரங்கழுவியைத் தாமே பொருத்துதல்: நீலகிரி இல்லங்களை முன்வைத்து ஒரு விரிவாய்வு

பாயிரம்

பாத்திரங்கழுவி என்பது, உண்டபின் எஞ்சும் கலங்களைத் தட்டுகளில் அடுக்கிக் கதவை மூடியபின், தனக்குள்ளேயே சூடாக்கிய நீரைச் சுழலும் கைகளின் துளைகள் வழியே பீய்ச்சி, சோப்புத்தூளின் துணையோடு கழுவித் தரும் மின்பெட்டியாகும். வழக்கில் இது டிஷ்வாஷர் எனப்படும். தாமே பொருத்துதல் என்பது, அதை விற்ற நிறுவனத்தின் பணியாளர் வந்துசேர்வதற்குள், வீட்டிலுள்ள ஆண்மகன் ஒருவர், யாரும் கேட்டுக்கொள்ளாத நிலையிலேயே அதன் அட்டைப்பெட்டியைப் பிரித்துவிடுவதாகும். இவ்விரு வரையறைகளுக்கும் நடுவே நிகழ்வன யாவும் இந்நூல் நுதலிய பொருள்.

இக்கருவியின் வரலாறு முன்னரே நன்கு எழுதப்பட்டுவிட்டது. 1850இல் ஜோயல் ஹௌட்டன் என்ற அமெரிக்கர் கையால் சுழற்றும் மரப்பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது கலங்களை நனைத்ததே தவிரக் கழுவியதாக யாரும் புகழவில்லை. இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரினரான ஜோசபின் காக்ரேன், ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கின் உதவியோடு, தேய்ப்பதைக் கைவிட்டு நீரின் விசையை நம்பும் பொறியை உருவாக்கி, 1886 டிசம்பர் 28 அன்று 355139 என்ற எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பலரது கவனத்தையும் கவர்ந்தது. ஆயினும் அக்கால வீடுகளில் போதிய வெந்நீர் இல்லாமையால் ஓட்டல்களே அதை வாங்கின. இவ்வரலாற்றை எழுதியோர் அனைவரும் பொறியைக் கண்டவர் யார் என்று சொன்னார்களேயன்றி, குழாயை மாட்டியவர் யார், மாட்டிய அன்று சமையலறையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்ற இரண்டையும் ஒருவரும் சொன்னதில்லை.

ஆய்வேடு எழுதப் புகுவோர் முதற்கண் ஓர் ஆய்வு இடைவெளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நெறியாளர்கள் வகுத்த விதி. பல ஆய்வேடுகளில் அவ்விடைவெளி எங்கே இருக்கிறது என்பதே விளங்குவதில்லை. இங்கு அது இயந்திரத்துக்கும் பின்சுவருக்கும் நடுவே, குழாய்கள் நசுங்காமல் இருக்கும் பொருட்டு, ஏறத்தாழ ஐந்து செ.மீ. அகலத்தில் தெளிவாகவே காணப்படுகிறது.

களம்

ஆய்வாளர் குடியிருக்கும் ஊரே ஆய்வுக்களமாக அமைவது தமிழ் ஆய்வுலகில் நெடுங்கால வழக்கமாதலின், நீலகிரியைத் தேர்ந்தமைக்கு வேறு காரணம் கூற வேண்டியதில்லை. எனினும் காரணம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரும் குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரும் உயர்ந்திருப்பதால், கோவையிலிருந்து வரவேண்டிய பொருத்துநர் பர்லியாற்றைத் தாண்டுவதற்குள் மழை, மண்சரிவு, மேகமூட்டம், சுற்றுலாப் பருவம் ஆகிய நான்கில் ஒன்றால் தடுக்கப்படுகிறார். 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும், டி.என். 43 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே ‘நாளைக்கு வந்துடுவார் சார்’ என்ற தொலைபேசி வாக்கியத்தில் உள்ள ‘நாளை’, மலையில் காலத்தைக் குறிப்பதன்று, நம்பிக்கையைக் குறிப்பது. பொருத்துநர் வாராமையே தாமே பொருத்துதலுக்கு முதற்காரணம்; ஏனைய காரணங்கள் துணைக்காரணங்கள்.

மற்றொரு சிறப்பும் இம்மலைக்கு உண்டு. உலகில் அறிஞர்களால் மிக அதிகம் துருவப்பட்ட மலைகளில் இது ஒன்று. 1873இல் பிரீக்ஸின் நூல் வெளிவந்தது. 1901–02இல் வந்து தங்கிய ரிவர்ஸ், இம்மலைப் பழங்குடியினரான தோடர்களின் பெயரையே தலைப்பாக்கி, 700 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை 1906இல் வெளியிட்டார். 1930களில் எமனோ வந்து தோடர், கோத்தர் மொழிகளைக் குறித்துக்கொண்டார். பின்னர் ஹாக்கிங்ஸ் படகர்களைப் பற்றி எழுதி எழுதி, முடிவில் நீலகிரிக்கே ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்தார். இவர்களுள் ஒருவரேனும் பாத்திரங்கழுவியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்வதற்கில்லை. ஆனால் ரிவர்ஸ் அறியாமலேயே நெருங்கி வந்திருக்கிறார். தோடர்களின் பால்மனைகளில் உள்ளறைக் கலங்களும் வெளியறைக் கலங்களும் தரத்தால் வேறுபட்டவை என்றும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பால் நேரே ஊற்றப்படுவதில்லை, நடுவே ஓர் இடைக்கலம் வைத்தே மாற்றப்படுகிறது என்றும் அவர் பதிந்திருக்கிறார். கலங்களை இருவகையாகப் பிரித்து வைக்கும் முறை இம்மலையில் பழமையானது என்பது இதனால் பெறப்படும். பாத்திரங்கழுவியிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு என இரண்டு உள்ளன. ஆகவே இக்கருவி தோடர் மரபிலிருந்து தோன்றியது என முடிவுகட்டலாம். சான்று போதாது என்று மறுப்போர், இதனினும் குறைந்த சான்றுகளைக் கொண்டு தோடர்களைச் சுமேரியா வரை கொண்டுபோன கிரேக்க இளவரசர் பீட்டரின் கட்டுரைகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். அறிஞர்கள் தம்மைப் பற்றிச் சொன்னவற்றையெல்லாம் தோடர்கள் பொறுமையோடு கேட்டுக்கொண்டு எருமைகளைப் பார்க்கப் போனார்கள் என்பதே இத்துறையில் ஐயமற்ற செய்தி.

இயந்திரத்தை வாசலிலிருந்து வீட்டுக்குள் கொண்டுசேர்த்தல் தனி இயலுக்குரியது. குன்னூரில் பல வீடுகளுக்கு வண்டிப்பாதை கிடையாது, படிக்கட்டு உண்டு. இயந்திரம் ஏறத்தாழ ஐம்பது கிலோ. அவ்வியல் இத்துடன் முடிந்தது.

கொதிநிலை

நீர் கொதிக்கும் வெப்பநிலை உயரத்துக்கேற்பக் குறையும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் உதகையில் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாக் காலத்தில் இம்மலையில் பருப்பு வேகாத துயரம் இதனால் விளைந்தது. இதைச் சான்றாகக் கொண்டு, மலையில் பாத்திரங்கழுவி சரியாகக் கழுவாது என்று ஒரு சாராரும், குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் மின்கட்டணம் மிச்சமாகும் என்று மற்றொரு சாராரும் நெடுநாளாக வழக்காடி வருகின்றனர். முதற்சாரார் தம் கொள்கைக்குத் தேநீர்க்கடை ஒன்றின் பலகையையும், இரண்டாம் சாரார் அதே கடையின் மற்றொரு பலகையையும் மேற்கோள் காட்டுவர்.

உண்மையில், எந்தப் பாத்திரங்கழுவியும் நீரைக் கொதிக்க வைப்பதில்லை. மிகச் சூடான ஓட்டத்திலும் 70 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. சோப்புத்தூளில் உள்ள, புரதத்தையும் மாச்சத்தையும் சிதைக்கும் நொதிகள் அதனினும் குறைந்த சூட்டிலேயே நன்றாக வேலை செய்கின்றன. மலையால் விளையும் வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: மார்கழியில் 10 டிகிரியில் வரும் நீரில் நான்கு லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 0.23 யூனிட் மின்சாரம் செல்கிறது. சமவெளியில் 28 டிகிரியில் வரும் நீருக்கு 0.15 போதும். எண்ணெய்க் கடாய்க்கு வேண்டிய சூட்டை எட்டச் சற்றுக் கூடுதல் நேரமாகும், அவ்வளவே. எனவே இவ்வியல் முழுதும் தேவையற்றது என்று உறுதியாகிறது. ஆயினும் தேவையற்றவற்றை நீக்கிய ஆய்வேடு பக்க அளவில் மெலிந்து, தேர்வாளர்களின் மதிப்பை இழக்கும் என்பதால் நீக்கப்படவில்லை.

நீர்வரத்து

இயந்திரத்துக்குக் குளிர்நீர் ஒன்றே போதும். முக்கால் அங்குல மரை உள்ள குழாயில் வரத்துக்குழாயின் முனையைக் கையால் திருகி, வாஷர் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, ஒரு கால் சுற்று இறுக்கினால் வேலை முடிந்தது. இவ்விடத்தில் வெள்ளை டேப் சுற்ற வேண்டுமா என்பதில் பழைய பிளம்பர் மரபுக்கும் புதிய மரபுக்கும் பகை உண்டு. சணல்நாரைச் சுற்றி வண்ணம் பூசி இறுக்கிய முன்னோர், டேப்பைச் சுற்றுவோரைக் கோழைகள் என்று கருதினர். டேப் சுற்றுவோர், ரப்பர் வாஷரே போதும் என்போரைப் பகல்கனவு காண்போர் என்கின்றனர். வரத்துக்குழாயின் முனையில் நீரை அடைப்பது வாஷரே. டேப் வேண்டியது, குழாயைச் சுவரில் பொருத்தும் மரைக்கு. இரு தரப்பும் வேறுவேறு மூட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால் இவ்வழக்கு முடிவதற்கு வழியில்லை.

அழுத்தத்தைப் பொறுத்தவரை நீலகிரி பேறுபெற்றது. நீர்த்தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல இயந்திரங்கள் குறைந்தது அரை பார், அதாவது ஐந்து மீட்டர் உயரம் கேட்கின்றன. சமவெளியில் ஓரடுக்கு வீட்டின் மொட்டைமாடித் தொட்டி இதற்குத் தவிக்கும்போது, மலைவீட்டுக்காரர் வீட்டை ஒட்டிய மேட்டில் தொட்டியை வைத்துவிட்டு, புவியீர்ப்பைப் பம்புசெட்டாகப் பயன்படுத்துகிறார்.

உப்பு இடும் பகுதியே அறியாமை மிகுந்து விளங்கும் இடம். இயந்திரத்தின் அடியில் உள்ள அறையில் இடப்படும் கல்லுப்பு, பாத்திரத்தைச் சுத்தம் செய்வதற்கு அன்று. நீரின் கடினத்தன்மையை ஈர்க்கும் பிசின்மணிகளைப் புதுப்பிப்பதற்கு. கோவையின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு அது வேண்டும். காட்டோடைகளிலிருந்து மலைவீடுகளுக்கு வரும் நீர் பெரும்பாலும் மென்னீர். அங்கே அளவைக் குறைந்தபட்சத்தில் வைத்தால் போதும். இதையறியாது சமவெளி உறவினரின் சொற்படி உப்பளவை உச்சத்தில் வைப்பவர் உப்பை வீணாக்குகிறார். மென்னீரில் சோப்புத்தூளை அள்ளிப் போடுபவர் கண்ணாடித் தம்ளர்களை வீணாக்குகிறார், ஏனெனில் அவற்றின் மேற்பரப்பு நாளடைவில் அரிக்கப்பட்டு, துடைத்தும் போகாத மூடுபனி படிந்துவிடும். உதகையில் அதைப் பனி என்றே சிலர் சில மாதம் நம்பியிருப்பர்.

நீர்ப்போக்கு

கழிவுக்குழாய் மேலே எழுந்து, பின் இறங்கி, சிங்க்கின் அடிக்குழாயில் சேர வேண்டும். தரையிலிருந்து ஏறத்தாழ 40 முதல் 100 செ.மீ. வரை அந்த எழுச்சி இருக்க வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. இதை மீறுவோர் சமவெளியில் தப்பித்துவிடலாம். மலையில் தப்ப முடியாது. காரணம் பின்வருமாறு: மலைவீட்டின் பின்சுவருக்கு வெளியே நிலம் சரிந்து போகிறது, அங்கே நிற்பவரின் தலை, உள்ளே நிற்பவரின் காலுக்குச் சமம். கழிவுக்குழாயைச் சுவர்த்துளை வழியே நேரே வெளியே விட்டால், அதன் வாய் இயந்திரத்தின் அடியைக் காட்டிலும் தாழ்ந்துவிடுகிறது. இயந்திரம் நீரை ஏற்கும். ஏற்ற நீர் வடிகுழாய் விதிப்படி தானே உறிஞ்சப்பட்டு வெளியேறும். நீர் போதவில்லை என்று இயந்திரம் மீண்டும் ஏற்கும். அது மீண்டும் வெளியேறும். வீட்டார் உள்ளே, இயந்திரம் மும்முரமாக உழைப்பதைக் கேட்டு மகிழ்ந்திருப்பர். கீழ்வீட்டார் வெளியே, தம் கூரையருகே புதிதாகத் தோன்றிய அருவியைக் கண்டு வியந்திருப்பர்.

இந்நிகழ்வின் மீது எழுந்த இலக்கியம் பெரும்பாலும் வாய்மொழி சார்ந்தது, கீழ்வீட்டாரால் இயற்றப்பட்டது, அச்சிடத் தக்கதன்று.

மட்டம்

இனி இந்நூலின் உயிர்நிலையாகிய மட்டம். இயந்திரம் நான்கு கால்களிலும் ஒக்க நிற்க வேண்டும். சாய்ந்தால் கதவு ஒருபக்கம் உரசும். தொட்டியின் அடியில் நீர் ஒருபுறம் ஒதுங்கும். கதவின் கீழ்விளிம்பில் கசிவு தோன்றும். கசிந்த நீர் அடித்தட்டில் சேர்ந்தால், சில மாதிரிகளில் அங்குள்ள தெர்மோகோல் மிதவை எழுந்து ஒரு சுவிட்சைத் தொட, இயந்திரம் வேலைநிறுத்தம் செய்யும். இவை பொறியியலார் கூற்று. ஆய்வு இதற்கப்பால் தொடங்குகிறது: நீலகிரியில் மட்டம் என்று ஒன்று உண்டா?

இல்லை என்போர் மலைரயிலைக் காட்டுவர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கி.மீ. செல்லும் அது, மிகச் செங்குத்தான பகுதியில் 12 அடிக்கு ஓரடி ஏறுகிறது. அதற்காகவே தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. அந்தச் சரிவில் 60 செ.மீ. அகலமுள்ள பாத்திரங்கழுவியைக் குறுக்கே வைத்தால் ஒரு பக்கம் 5 செ.மீ. தாழும். ரயில்பாதையில் பாத்திரங்கழுவியை வைப்பவர் யார் என்ற வினாவுக்கு அவர்கள் விடை தருவதில்லை. உண்டு என்போர் உதகை ஏரியைக் காட்டுவர்; நின்ற நீர் மட்டத்துக்குச் சான்று என்பது அவர் துணிபு. இரு தரப்பையும் ஒதுக்கிவிட்டு நோக்கினால், மலைவீட்டுச் சமையலறையின் சாய்வுக்குக் காரணம் மலையன்று, கொத்தனார். கழுவிவிட்ட நீர் மூலையிலுள்ள மடைவாயை நோக்கி ஓட வேண்டும் என்று அவர் வேண்டுமென்றே சாய்த்துக் கட்டிய தரை அது. இந்த எளிய உண்மையை ஏற்றுக்கொண்டால் இவ்வியல் இங்கேயே முடிந்துவிடும் என்பதால், ஆய்வாளர்கள் எவரும் இதை ஏற்பதில்லை.

மட்டத்தை அறியும் முறையால் மலையில் ஐந்து மரபுகள் தோன்றின. கண்மட்டத்தார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொலைவில் நின்று பார்ப்பர். சன்னலுக்கு அப்பால் தேயிலைச் சரிவும் அதன்மேல் சாய்ந்த மேகமும் தெரிவதால், அவர்கள் சரி என்று சொன்ன இயந்திரங்கள் மலைக்கு இணையாகச் சாய்ந்து நிற்பதைக் காணலாம். ரசமட்டத்தார் கொத்தனாரிடமிருந்து இரவல் வாங்கிய ரசமட்டத்தை நம்புவர். அதை வைத்த இடத்திலேயே முனைமாற்றித் திருப்பி வைத்து, குமிழி அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தாலன்றி அக்கருவியே நேர்மையானதா என்று சொல்ல முடியாது, இரவல் வாங்கியவர் அதைக் கேட்கக் கூச்சப்படுவார். டியூப் மட்டத்தார், நீர் நிரப்பிய ஒளிபுகு குழாயின் இரு முனைகளை இருவர் பிடிக்கும் முறையினர். முறை பழுதற்றது, இருவரும் ஒரே வீட்டினராயின் பத்து நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை. செயலிமட்டத்தார் கைபேசியை இயந்திரத்தின்மேல் கிடத்துவர். பின்புறத்தில் கேமரா புடைத்திருக்கும் கைபேசி எப்போதும் சாய்ந்தே கிடக்கும் என்பதை இவர்கள் கருத்தில் கொள்வதில்லை.

ஐந்தாவது, விளைபொருள் மரபு. இதுவே நீலகிரிக்குரியது, விரிவாக நோக்கத் தக்கது. இயந்திரத்தின் தலைப்பலகையில் உருளும் தன்மையுள்ள விளைபொருளை வைத்து, அது எத்திசையில் ஓடுகிறதோ அத்திசை தாழ்ந்தது எனக் கொள்வது இம்மரபின் அடிப்படை. எப்பொருள் என்பதில் கருத்து வேறுபட்டது. உருளைக்கிழங்கை வைப்போர், உதகைக்குப் புகழ் தந்தது அதுவே என்பர். ஆனால் உருளைக்கிழங்கு பெயரளவில் மட்டுமே உருளை, கண்ணுள்ள பக்கம் வந்ததும் நின்றுவிடும். அவ்வாறு நின்றதையே மட்டத்துக்குச் சான்றாகக் கொண்டு இயந்திரத்தை அப்படியே விட்டவர் பலர். பிளம்ஸ் பழத்தை வைப்போர் கோடைப் பருவத்தில் மட்டுமே பொருத்த வேண்டும் என விதித்தனர். கேரட் நீளவாட்டத்தில் உருளாது, குறுக்குவாட்டத்தில் மட்டுமே உருளும் என்பதால், ஓர் அச்சுக்குக் கேரட்டும் மற்றோர் அச்சுக்கு மற்றொரு கேரட்டும் வேண்டும் என்ற இருகேரட்டுக் கொள்கை கேத்திப் பள்ளத்தாக்குப் பகுதியில் தோன்றியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். அங்கே அது நிறைய விளைகிறது என்பது தவிர இதற்குச் சான்றில்லை, சான்றின்மை இக்கொள்கையின் பரவலைத் தடுத்ததுமில்லை. முட்டைக்கோஸை வைப்போரும் உளர். அவர்களைப் பற்றி அறிஞர் பேசுவதில்லை.

தாழ்ந்த பக்கத்தை உயர்த்தும் முறைகளும் பல. நாணயம் வைப்போர், ஓட்டுச்சில்லு வைப்போர், தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரத்தின் சிராயை ஆப்பாக்கிச் செருகுவோர் எனப் பலர் இருப்பினும், மிகுதியோர் அட்டையை மடித்து வைப்போரே. இயந்திரம் வந்த பெட்டியின் அட்டையே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. அட்டை மலைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி நசுங்கும் இயல்பினது. ஆகவே தென்மேற்குப் பருவமழை பெரிதாகப் பெய்யும் கூடலூர்ப் பக்கத்தில் ஆடி மாதத்திலும், வடகிழக்குப் பருவமழையை நம்பும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் ஐப்பசியிலும் இயந்திரங்கள் சாய்கின்றன. பாத்திரங்கழுவியின் சாய்வைக் கொண்டே மாவட்டத்தின் மழைப்பரவலை வரையலாம் என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு.

இத்துறையின் முதல்நூல், கோவை மைத்துனர் என்று மட்டுமே அறியப்படும் ஆசிரியர், மலைப்பாதையில் வண்டியில் வந்துகொண்டே தம் தங்கையின் கணவருக்கு அனுப்பிய குரல்பதிவு. அவர் 2020ஆம் ஆண்டு ஊரடங்கில், வேலைக்காரர் வரவின்றிப் பல வீடுகள் இக்கருவியை நாடிய காலத்தில், இதை வாங்கியவர், ஆதலின் மூத்தவர். பர்லியாற்றுக்கும் காட்டேரிக்கும் இடையே சிக்னல் அறுந்து அறுந்து வருவதால் பதிவின் பெரும்பகுதி செல்லரித்த சுவடியின் நிலையில் கிடைத்துள்ளது. ஐயமின்றிக் கேட்கும் தொடர் ஒன்றே: ‘மாப்ளே, பின்காலை முன்னாடி திருகணும்.’

இத்தொடரின்மீது எழுந்த உரைகள் பின்வருமாறு. குன்னூர்ச் சித்தப்பா, ‘முன்னாடி’ என்பதைக் காலப்பொருளில் கொண்டு, மற்றக் கால்களுக்கு முன்பாகப் பின்காலைத் திருக வேண்டும் என உரைத்தார். அவர் வழிநின்றோர் ஐம்பது கிலோ இயந்திரத்தை இழுத்து வெளியே போட்டு, பின்னால் போய்ப் படுத்து, திருகி, மீண்டும் உள்ளே தள்ளி, சாய்வு மாறியிருக்கக் கண்டு மீண்டும் இழுத்தனர். மேல்வீட்டுப் பெரியவர், ‘முன்னாடி’ இடப்பொருளில் வந்தது என்று சரியாகவே கண்டு, இயந்திரத்தை வீட்டின் முன்னாடி, அதாவது வாசலுக்குக் கொண்டுபோய்த் திருக வேண்டும் என்று தவறாகவே முடித்தார். மூன்றாம் உரைகாரர் ஒருவர், இவர் தமிழாசிரியர் என்பது நடையால் தெரிகிறது, ‘பின்காலை’ என்பது காலின் இரண்டாம் வேற்றுமை அன்று, முற்பகலின் பிற்பகுதியைக் குறித்த பொழுதுப்பெயர் என்றும், காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு எதையேனும் திருகுக என்பதே தொடரின் பொருள் என்றும் உரை வகுத்தார். அகப்பொருள் நூல்கள் கூறும் சிறுபொழுதுகளுள் பின்காலை இல்லையே என்ற தடைக்கு, இல்லாமையே இது பிற்கால வழக்கு என்பதற்குச் சான்று என விடையும் தந்தார். முல்லைப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கொண்டு சேர்த்தார் என்று மறைமலையடிகள் குறைகூறியதை அறிவோம். சேர்ப்பதற்கு அவருக்குப் பல அடிகள் இருந்தன. இவருக்கு இருந்தவை நான்கு சொற்கள்.

பல மாதிரிகளில் பின்காலை உயர்த்தவும் தாழ்த்தவும் உரிய திருகு, இயந்திரத்தின் முன்புறத்தில், அடிப்பலகைக்குப் பின்னே நடுவில் உள்ளது. முன்னால் குந்தி, ஸ்குரூடிரைவரை விட்டுத் திருப்பினால் பின்கால் எழும். கோவை மைத்துனர் சொன்னது இதுவே. கையேட்டில் இதற்குப் படமும் உண்டு. மேற்கண்ட உரைகாரர் எவரும் அப்படத்தை மேற்கோள் காட்டவில்லை. மூவரும் ஒருவரையொருவர் மறுத்து எழுதியதில் மூலத்தைத் திறக்க நேரம் கிட்டவில்லை. இதனால் அவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இதே முறையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் இன்று பிறருக்கு நெறியாளர்களாக இருக்கிறார்கள்.

கையேடு எங்கே இருக்கிறது என்ற வினா எழலாம். அது பெரும்பாலும் இயந்திரத்தின் உள்ளேயே, தட்டின்மேல், பிளாஸ்டிக் உறையில் வைக்கப்பட்டிருக்கும். அதை எடுக்காமலேயே முதல் ஓட்டத்தை ஓட்டிய இல்லங்களில் கையேடு மிகத் தூய்மையாக இருக்கிறது.

மின்சாரம்

பதினாறு ஆம்பியர் பிளக், நிலத்தொடர்பு உறுதி, அதற்கு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும் என்பதில் எல்லா மரபினரும் ஒத்துப்போவதால் ஆய்வுக்கு இடமில்லை.

அடுக்குமுறை

அடுக்குவது பொருத்துதலின் பகுதியா என்பதில் ஐயம் உண்டு. ஆயினும் பொருத்தியவரே முதன்முறை அடுக்குவார் என்பதும், அவர் அடுக்கியதை வீட்டார் ஒருவர் கதவு மூடுமுன் எடுத்து மாற்றி அடுக்குவார் என்பதும் எங்கும் ஒரேபடியாக நிகழ்வதால் சுருங்கச் சொல்லப்படுகிறது. கலங்கள் குப்புறவும் சற்றுச் சாய்ந்தும் நிற்க வேண்டும். சுழலும் கையைக் கரண்டி தடுக்கக் கூடாது. இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும், பணியாரக்கல்லும் அவ்வாறே. அலுமினியச் சட்டி காரத்தால் கறுக்கும். மரத்துடுப்பு வெடிக்கும். கல்சட்டியைப் பற்றி நினைக்கவும் வேண்டாம். இவற்றையும், தட்டில் நுழையாத பெரிய குண்டானையும் கழித்துவிட்டால், சராசரித் தமிழ் அடுப்படியில் இயந்திரத்துக்கென எஞ்சுபவை தட்டுகள், தம்ளர்கள், கரண்டிகள், எவர்சில்வர் கிண்ணங்கள் ஆகியவை. நாளுக்கு நூறு தம்ளர் புழங்கும் விருந்தோம்பல் உள்ள வீட்டுக்கு அதுவே பெரும் உதவி. எஞ்சியவற்றைத் தேய்ப்பவர் யார் என்பதைப் பொருத்தியவர் தம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டதாகக் கருதுகிறார்.

முதல் ஓட்டம்

பொருத்தி முடித்துப் பொத்தானை அழுத்தியதும், பெரும்பாலான இல்லங்களில் இயந்திரம் சிறிது முனகிவிட்டு, குழாய் வடிவச் சின்னம் ஒன்றை ஒளிரவிட்டு நின்றுவிடுகிறது. இதன் பொருள் நீர் வரவில்லை என்பது. காற்று அடைத்துக்கொண்டது என்று சித்தப்பா மரபும், உயரத்தால் வந்த கோளாறு என்று கொதிநிலை மரபும், மட்டம் சரியில்லை என்று கேரட் மரபும், மேட்டுத்தொட்டி உறைந்துவிட்டது என்று ஐப்பசியிலேயே ஒருவரும் கூறிய காரணங்கள் அனைத்தையும் தனித்தனியே ஆராய்ந்ததில், ஒரே முடிவே எஞ்சுகிறது. சிங்க்குக்குக் கீழே வரத்துக்குழாயை மாட்டிய இடத்தில் ஒரு திருகு உள்ளது. அதை இடஞ்சுழியாகத் திருப்பித் திறக்க வேண்டும்.